கறுப்புத் திரையில் மூன்று பத்திகள்

பிஎச்பிபிபி மென்பொருளில் இயங்கும் கருத்துக்களங்களில் நிர்வாகியின் பெயர் சிவப்பிலும் பொது மட்டுறுத்துநரின் பெயர் பச்சையிலும் தெரியும். யாரும் கேட்காமலே நிறுவும்போது கூடவே வரும் ஏற்பாடு இது. அந்தச் சிவப்பின் அளவு 170, மற்ற இரண்டு வண்ணங்களும் சுழியம். பச்சைக்கும் அதே 170தான். வெள்ளைப் பின்னணியில் இந்தச் சிவப்பின் கான்ட்ராஸ்ட் 7.8, சுகமாகப் படிக்கலாம். தளத்துக்குக் கறுப்புத் தீம் போட்டு, பின்னணியை மூன்று வண்ணமும் 18 என்ற கருஞ்சாம்பலாக மாற்றுங்கள். அதே சிவப்பு 2.4-க்கு இறங்கிவிடும். தளத்தின் தலைவர் பெயரே மங்கிப்போகும். பச்சைக்கு நடப்பது நேர் எதிர்: வெள்ளையில் 3.1 என்று தடுமாறியது கறுப்பில் 6-க்கு ஏறிக்கொள்ளும்.

டபிள்யூ3சி அமைப்பு 2008 டிசம்பரில் வெளியிட்ட அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்று வரம்பு வைத்திருக்கின்றன. சுத்தமான கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் கிடைக்கும் 21தான் உச்சம். கணக்கின் அடியில் இருப்பது கண்ணின் பாரபட்சம். ஒரு திரையின் வெண்மையில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. அதனால்தான் உலாவிகள் தொன்றுதொட்டு இணைப்புகளுக்குப் போட்டுவரும் கருநீலம் வெள்ளையில் 9.4 வாங்கி, கருஞ்சாம்பலில் 2-உடன் நின்றுவிடுகிறது. வண்ணங்களைத் தலைகீழாக்கினால் கறுப்புத் தீம் தயார் என்று வேலையைத் தொடங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டாவதாக விழுமிடம் பத்திகள். அதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது, ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது.

பல பத்தி அமைப்பின் பூர்வீகம் வலைவாசல்கள். 1990-களின் பிற்பாதியில் யாகூவும் எக்ஸைட்டும் செய்தி, வானிலை, பங்குவிலை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் முகப்பிலேயே கொட்டின. 1997-இல் ராப் மால்டா தொடங்கிய ஸ்லாஷ்டாட், நடுவில் செய்தியும் ஓரத்தில் பெட்டிகளுமாக அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. ஃபிரான்சிஸ்கோ புர்ஸியின் பிஎச்பி-நியூக் 2000-இல் வந்து, அந்த அமைப்பை யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளும்படி செய்தது. இடது பக்கம் மெனு, நடுவில் செய்தி, வலது பக்கம் உள்நுழைவும் கருத்துக்கணிப்பும். அதே ஆண்டில் பிறந்த பிஎச்பிபிபி ஒற்றைப் பத்தியில்தான் தொடங்கியது. ஆனால் நிர்வாகிகளுக்கு ஓரப் பெட்டிகள் இல்லாமல் தூக்கம் வரவில்லை. எஸ்எம்எஃப் என்ற இன்னொரு கருத்துக்கள மென்பொருளுக்கு டைனிபோர்ட்டல், சிம்பிள்போர்ட்டல், பிஎச்பிபிபி மூன்றாம் பதிப்புக்கு போர்டு3 போர்ட்டல் என்று ஒட்டுச் செருகிகள் வந்து களத்தையும் வாசலையும் ஒன்றாக்கின.

பத்தி பிரிக்கிற உத்திக்குத் தனிக் கதை உண்டு. தொடக்கத்தில் எல்லாமே அட்டவணை. டேவிட் சீகல் 1996-இல் எழுதிய புத்தகம் வழியாகப் பரவிய இந்த வழியில், பக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களால் ஆனது. சிஎஸ்எஸ் வழிக்கு மாறியதும் எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. பத்தியின் பின்னணி நிறம் உள்ளடக்கம் முடியுமிடத்தில் நின்றுவிடும். நடுப் பத்தி நீண்டு, ஓரப் பத்தி குட்டையாக இருந்தால் கீழே வெறும் திட்டு தெரியும். பக்கத்தின் அகலத்துக்கு ஒரு மெல்லிய படத்தை வெட்டி, அதைச் செங்குத்தாக அடுக்கிப் பத்திகள் இருப்பதுபோல் பாசாங்கு காட்டலாம் என்று டான் செடர்ஹோம் 2004-இல் எழுதினார். 2006-இல் மாத்யூ லெவின், மூன்று பத்தியையும் படமோ அட்டவணையோ இல்லாமல் நிறுத்தும் வழியை எழுதி கட்டுரைக்குப் ‘புனிதக் கிண்ணத்தைத் தேடி’ என்றே தலைப்பு வைத்தார். அத்தனை தேடியிருக்கிறார்கள். கடைசியில் 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் சிஎஸ்எஸ் கிரிட் வசதியைச் சில வாரங்களுக்குள் கொண்டுவந்தன. இருபது வருடச் சர்க்கஸ் நான்கு வரியில் முடிந்தது.

இந்த இரண்டு தசாப்தப் போராட்டத்துக்குக் கறுப்புத் தீம்களோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. வெள்ளைத் தளத்தில் பத்திப் பின்னணி பாதியில் நின்றாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். வெள்ளையும் வெளிர்சாம்பலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கறுப்பில் அந்தத் திட்டு ஓட்டைபோலத் தெரியும். ஆகவே அக்காலக் கறுப்புத் தீம் கலைஞர்கள் எல்லாவற்றையும் படமாகவே வெட்டினார்கள். தலைப்புப் பட்டை, வளைந்த மூலை, பெட்டியின் அடிவிளிம்பு ஒவ்வொன்றும் தனித்தனிப் படத்துண்டு. உலோகப் பளபளப்பும் நியான் ஓரமுமாக இருந்த அந்த அலங்காரத்துக்கு ரசனை காரணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிக் காரணம் ரசனை. மீதி, நிறத்தை நீட்டிப் பரப்ப வேறு வழியில்லாத கையறு நிலை.

கறுப்புத் திரை மட்டும் எப்போது வந்தது? உண்மையில் அதுதான் முதலில் வந்தது. பச்சை, ஆம்பர் நிறங்களில் எழுத்து ஒளிர்ந்த பழைய டெர்மினல்கள் எல்லாம் கறுப்புத் திரைகள். திரை முழுவதும் ஒளிர்ந்தால் குழாய்த் திரையின் துடிப்பு கண்ணை உறுத்தும். இருட்டில் எழுத்து மட்டும் ஒளிர்ந்தால் அவ்வளவாகத் தெரியாது. தாளைப்போல் வெள்ளையில் கறுப்பு எழுத்து என்ற எண்ணம் ஜெராக்ஸ் ஆல்ட்டோவில் 1973-இல் தொடங்கி, 1984-இல் மக்கின்டாஷ் வழியாக வீடுகளுக்குள் வந்தது. பிறகு கறுப்பு திரும்ப வந்த பாதை சுவாரசியமானது. கணினி விளையாட்டுக் குழுக்களின் களங்கள் ஒரு பக்கம். படங்களின் நிறம் சுற்றுப்புற வெளிச்சத்தில் கெடக்கூடாது என்று நினைத்த புகைப்படக்காரர்கள் மறுபக்கம். ஃபோட்டோஷாப்பின் முகப்பே 2012-இல் சிஎஸ்6 பதிப்போடு கருஞ்சாம்பலுக்கு மாறியது. 2018-இல் ஆப்பிளின் மொஹாவி, 2019-இல் ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 என்று வரிசையாக வந்த பிறகு டார்க் மோட் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாயிற்று. பிஎச்பிபிபி, எஸ்எம்எஃப் களங்களில் அதற்குப் பல வருடம் முன்பே உறுப்பினர் தன் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போய் வேண்டிய தீமைத் தேர்ந்துகொள்ளலாம்; தேர்வு அவர் கணக்கிலேயே பதிந்திருக்கும். அந்தப் பெருமையை யாரும் அவற்றுக்குக் கொடுப்பதில்லை.

கறுப்பு கண்ணுக்கு நல்லதா என்ற கேள்விக்கு விற்பனை விளம்பரங்கள் ஆம் என்கின்றன. ஆய்வுகள் அவ்வளவு சுலபமாகச் சொல்வதில்லை. டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் பீப்பன்பிராக், மாயர், புக்னர் முதலியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் இளையவர், முதியவர் இரு சாராருமே வெளிர் பின்னணியில் கருமை எழுத்தைத்தான் சிறப்பாகப் படித்தார்கள். எழுத்து சிறிதாகச் சிறிதாக இந்த வித்தியாசம் கூடுகிறது என்று அதே குழு அடுத்த ஆண்டு காட்டியது. காரணம் எளிது: வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கும், பிம்பம் கூர்மையாக விழும். இருட்டில் அது விரியும், லென்சின் குறைகளும் சேர்ந்து விரியும். சிலிண்டர் பவர் கண்ணாடி போடுகிறவர்களிடம் கேளுங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்துக்கு வால் முளைப்பதாகச் சொல்வார்கள்.

மறுபக்கமும் உண்டு. கண்புரை போன்ற கோளாறால் விழியின் உள்பகுதி கலங்கியவர்கள் கறுப்புப் பின்னணியில்தான் வேகமாகப் படிக்கிறார்கள் என்று கோர்டன் லெகியும் உடனாய்வாளர்களும் 1985-லேயே காட்டினார்கள். கலங்கிய லென்சில் பின்னணி வெளிச்சம் சிதறி எழுத்தை மூடிவிடுவதுதான் காரணம். 2018-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஷாஃபெல் குழு செய்த சிறு ஆய்வில், ஒரு மணி நேரம் வெள்ளையில் கறுப்பு எழுத்தைப் படித்தவர்களின் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் சுமார் 16 மைக்ரான் மெலிந்தது. கறுப்பில் வெள்ளையைப் படித்தபோது சுமார் 10 மைக்ரான் தடித்தது. படலம் மெலிவது கிட்டப்பார்வை வளர்வதோடு தொடர்புடையது என்பதால் இதற்குப் பரவலாகச் செய்தி மதிப்பு கிடைத்தது. சிலரைக் கொண்டு செய்த ஆய்வை வைத்துப் பிள்ளைகளின் பாடத்தை எல்லாம் கறுப்பாக்கச் சொல்ல முடியாது.

மின்சாரக் கதையும் இப்படித்தான். கூகுள் தேடலைக் கறுப்பில் காட்டும் பிளாக்கிள் என்ற தளம் 2007-இல் மின்சேமிப்பைச் சொல்லியே பெயர் வாங்கியது. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால் அந்தப் பேச்சு பெரும்பாலும் காற்றில் போயிற்று. ஓஎல்இடி திரைகளில் விஷயம் உண்மைதான். ஆனால் பர்டியூ பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வுப்படி, வெளிச்சத்தை முழுதாக வைத்தால்தான் 39 முதல் 47 விழுக்காடு மிச்சம்; வழக்கமாக நாம் வைக்கும் 30-50 விழுக்காடு வெளிச்சத்தில் மிச்சம் 3 முதல் 9 வரைதான்.

கண்ணும் பேட்டரியும் தீர்ப்புச் சொல்லாதபோது வடிவமைப்பாளர் எதைப் பிடித்துக்கொள்வது? என் அபிப்பிராயத்தில், பார்வை எங்கே போகிறது என்பதை. வெள்ளைப் பக்கத்தில் எல்லாமே ஒளி. கறுப்பு எழுத்துதான் கண்ணைப் பிடிக்கும். கறுப்புப் பக்கத்தில் ஒளி இருக்குமிடத்துக்குக் கண் தானாக ஓடும். மூன்று பத்தியும் ஒரே வெள்ளை எழுத்தில் இருந்தால் ராத்திரித் திருவிழாக் கடைத்தெருவாகிவிடும். ஒவ்வொரு கடையும் தன் டியூப் லைட்டோடு கூப்பிடும். வலது ஓரத்தில் பளிச்சென்ற நீலப் பட்டன், அதன் கீழே வெள்ளையில் ‘இன்று பிறந்தநாள் காண்போர்’, அதற்கும் கீழே ஆரஞ்சுப் பட்டை. நடுவில் ஒருவர் முக்கால் மணி நேரம் செலவழித்து எழுதிய பதிவு இருக்கும். கண் அங்கே நிற்காது. ஓரப் பத்திகளின் பின்னணியை மாற்றிப் பயனில்லை. அவற்றின் எழுத்து வெளிச்சத்தைத்தான் குறைக்கவேண்டும். நடுப் பத்தியில் எழுத்து 224 அளவு சாம்பல் என்றால், ஓரத்தில் 160 போதும். நிறம் தெறிக்கும் பொருள் பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு நெருக்கடி அடுக்குகளில் இருக்கிறது. கருத்துக்களத்தின் ஒரு பக்கத்தில் பக்கப் பின்னணி, பிரிவுத் தலைப்பு, ஒன்றுவிட்டொரு வரிசையாக மாறும் இரண்டு நிறங்கள், மேற்கோள் பெட்டி, மேற்கோளுக்குள் மேற்கோள், நிரல்துண்டுப் பெட்டி, சுட்டி மேலே போகும்போது மாறும் நிறம் என்று எட்டு அடுக்காவது இருக்கும். வெள்ளையில் நிழல் போட்டு அவற்றைத் தூக்கிக் காட்டலாம். கறுப்பில் நிழல் தெரியாது. கூகுளின் மெட்டீரியல் டிசைன் 2019-இல் இதற்கு ஒரு வழி சொன்னது: அடிப்பின்னணி 18, மேலே வர வர வெண்மையை 5 விழுக்காட்டிலிருந்து 16 வரை கலந்து ஒளியேற்று. வழி நல்லதுதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பதிவின் தேதியை 130 அளவு சாம்பலில் எழுதுகிறீர்கள். 18-இன் மேல் அது 4.9, விதிக்குள் வந்துவிட்டது. அதே தேதி உயர்ந்த அடுக்கான 56-இன் மேல், மேற்கோளுக்குள் மேற்கோளில் வரும்போது 3.05 ஆகிவிடும். மங்கல் எழுத்துக்குத் தளம் முழுவதற்கும் ஒரே சாம்பலைக் குறிப்பது அதனால் செல்லாது. அடுக்கின் பெயரோடு சேர்த்து எழுத்தின் நிறத்தையும் தீர்மானிக்கவேண்டும். 56-க்கு மேல் 4.5 வேண்டுமென்றால் எழுத்து 161-க்குக் குறையக்கூடாது. மலிவான திரைகளில் 18-க்கும் 30-க்கும் வித்தியாசமே தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்குகளை மூன்றாகக் குறைத்து, மீதியை மெல்லிய கோட்டால் பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பின்னணியை முழுக் கறுப்பாக வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஓஎல்இடி கைபேசியில் வேகமாக உருட்டும்போது அணைந்திருந்த புள்ளிகள் விழிக்கத் தாமதித்து எழுத்துக்குப் பின்னால் கறை இழுக்கும்.

பத்திப் பிரச்சினை கைபேசியில் தானே தீர்ந்துவிடுகிறது என்பார்கள். ஈதன் மார்கோட் 2010-இல் எழுதிய கட்டுரையிலிருந்து, குறுகிய திரையில் ஓரப் பத்திகள் அடியில் போய்ச் சேருவது நடைமுறையாகிவிட்டது. நடுப் பத்தியின் ஒளிக்குப் போட்டி இருக்காது. ஆனால் அப்படிக் கடைசிக்குத் தள்ளியதை யாரும் தேடவில்லை என்றால், கணினியிலும் அது எதற்கு என்று நிர்வாகி கேட்டுக்கொள்ளலாம். வாசல் முகப்புக்கு மூன்று பத்தி நியாயம். ஒரு திரியைத் திறந்து படிக்கும் பக்கத்தில் வலது பத்தி எனக்கு எப்போதுமே அதிகப்படியாகத்தான் தோன்றியிருக்கிறது.

தீம் செய்கிறவருக்குச் சொந்தமில்லாத பகுதிதான் கடைசிவரை மல்லுக்கட்டும். கருத்துக்களத்தின் நடுப் பத்தியை எழுதுகிறவர்கள் உறுப்பினர்கள். வெள்ளைத் தீமில் உட்கார்ந்து எழுத்தைக் கருநீலமாக்கிப் போட்டவரின் பதிவு, கறுப்புத் தீம்காரருக்குக் காலியாகத் தெரியும். வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பதிவு கறுப்பு நிறத்தைச் சேர்த்தே தூக்கிக்கொண்டு வரும். விடுகதைக்கு விடையை வெள்ளை எழுத்தில் எழுதி, மேலே சுட்டியை இழுத்தால் தெரியும் என்று ஒளித்துவைப்பது ஒரு காலத்துப் பழக்கம். கறுப்புத் தீமில் அந்த விடை பக்கத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பழைய ஸ்மைலிகளையும் விட்டுவிட முடியாது. ஜிஃப் படத்தில் ஒரு புள்ளி தெரியும் அல்லது தெரியாது. நடுவில் பாதி ஒளிபுகும் நிலை கிடையாது. வெள்ளைப் பின்னணிக்கென்று ஓரம் மெருகிட்ட மஞ்சள் முகம், கறுப்புக்கு வந்ததும் உப்புப் பூத்ததுபோல வெள்ளை விளிம்போடு தெரியும். பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தில் கறுப்பு எழுத்தில் செய்த சின்னமோ கணிதச் சமன்பாடோ முழுசாகக் காணாமலே போய்விடும்.

இது சின்னக் களங்களின் பிரச்சினை மட்டுமல்ல. விக்கிப்பீடியா 2024-இல் கறுப்பு வடிவத்தைக் கொண்டுவந்தபோது, பல வருடமாகத் தொகுப்பாளர்கள் அட்டவணைகளுக்கும் வார்ப்புருக்களுக்கும் நேரடியாக எழுதிவைத்திருந்த பின்னணி நிறங்கள்தான் பெரிய தலைவலியாக இருந்தன. வெளிர் பின்னணியை மட்டும் குறித்து எழுத்தின் நிறத்தைக் குறிக்காமல் விட்டால், கறுப்பு வடிவத்தில் வெளிர் மேல் வெளிர் வந்து விழும். பழைய பதிவுகளில் உள்ள நிறக் குறிப்புகளைக் கறுப்புத் தீமில் ஒட்டுமொத்தமாகப் புறக்கணிப்பது முரட்டு வழி. நடைமுறையில் அதுதான் பெரும்பாலும் பலிக்கிறது. படங்களுக்கு அடியில் ஒரு வெளிர்த் தட்டு வைக்கலாம். பக்கம் முழுவதையும் தலைகீழாக்கும் வடிகட்டி போட்டால் மனிதர்களின் முகங்கள் நெகடிவாகிவிடும், அவற்றை மறுபடி தலைகீழாக்கவேண்டியிருக்கும். அந்த வழிக்கே போகாதிருப்பது நல்லது. உறுப்பினர் பெயர்களின் நிறத்தைத் தரவுத்தளத்தில் ஒற்றை எண்ணாக வைக்காமல், தீமுக்கு ஒன்று என்று வைத்தால் பாதிப் புகார் குறையும்.

இணைப்பாக ஒரு சிறு விஷயம். உறுப்பினரின் கணினி கறுப்பில் இருக்கிறதா என்று பக்கமே கேட்டறியும் வசதி 2019-இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் வந்துவிட்டது. ஆனாலும் தேர்வை ஸ்கிரிப்ட் வழியாகத் தாமதமாகப் படிக்கும் தளங்களில், ராத்திரி ஒவ்வொரு பக்கம் மாறும்போதும் ஒரு வெள்ளை மின்னல் வெட்டிவிட்டுத்தான் கறுப்பு வரும். தேர்வு உறுப்பினர் கணக்கிலேயே இருந்தால், சர்வர் பக்கத்தை அனுப்பும்போதே கறுப்பாக அனுப்பலாம். பழைய களங்கள் அப்படித்தான் செய்துவந்தன.

தமிழுக்கு வந்தால் கணக்கு இன்னும் இறுகுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்கள் நீளமானவை. ஓரப் பத்திக்கு 200 பிக்சல் ஒதுக்கினால் ‘மட்டுறுத்துநர்களுக்கான’ என்ற ஒரு சொல்லே வரியை அடைத்துக்கொள்ளும். இருபுறமும் சமமாக நிரப்பச் சொன்னால் சொற்களுக்கிடையில் ஓட்டைகள். கறுப்பில் அந்த ஓட்டைகள் கருங்குழிகளாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிறுத்துவதே மேல். ‘உள்நுழைக’, ‘புதியவை’ என்று குறுஞ்சொற்களாலேயே ஓரப் பெட்டிகளை நிரப்பவேண்டும்.

சுழிகள்தான் அதைவிட நுட்பமான இடம். ண-வுக்கும் ன-வுக்கும் இடையே கண் பிடித்துக்கொள்ளும் வித்தியாசம் ஒரு சுழி. கறுப்பில் வெள்ளை எழுத்தின் ஒளி பக்கத்தில் கசிவதால் சிறு எழுத்தில் அந்தச் சுழியின் உட்குழி அடைபட்டு, மனமும் மணமும் ஒன்றாகிவிடும். புள்ளிக்கும் அதே கதி. மேல்வரியின் கீழ்க்கொக்கியோடு போய் ஒட்டிக்கொள்ளும். தடித்த எழுத்தில் இது இரட்டிப்பாகும். படிக்காத திரியைத் தடித்த எழுத்தில் காட்டும் ஆங்கிலக் களங்களின் வழக்கத்தைத் தமிழ்க் கறுப்புத் தீமில் கைவிட்டு, படிக்காததை 230 ஒளியிலும் படித்ததை 150 ஒளியிலும் காட்டினால் எழுத்தும் பிழைக்கும், குறிப்பும் புரியும். 18-இன் மேல் 150 சாம்பலும் 4.5 என்ற வரம்பைத் தாராளமாகத் தாண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல பல தடிமன்கள் கிடைக்கும் எழுத்துருவில், வெள்ளைத் தீமுக்கு வைத்ததைவிட ஒரு படி மெல்லியதைக் கறுப்புக்கு எடுத்து, அளவை ஒன்றிரண்டு பிக்சல் கூட்டி, வரி இடைவெளியை எழுத்தின் 1.7 மடங்குக்குக் கொண்டுபோனால் ண-வின் மூன்றாம் சுழி திறந்துகொள்கிறது. மக்கின்டாஷ் உலாவிகளில் எழுத்தை மெலிதாக்கும் அமைப்பு தனியாக ஒன்று உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டால் எழுத்து நூலாகிவிடும். எதையாவது ஒன்றை விடவேண்டும். நான் உலாவி அமைப்பைத்தான் விடச் சொல்வேன், எழுத்துருவின் தடிமன் எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி வருவதால்.